வெயிலின் வரவும் விளக்கின் செலவும்

அந்தமான் தீவுகளின் சூரியன் இந்திய தேசத்துக் கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. நம் தேசத்தின் நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது; 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேயர் நகரமோ, அதற்குக் கிழக்கே பத்துப் பாகைக்கும் அதிகமாக விலகி, 92.7 பாகையில் கடல் நடுவே அமைந்திருக்கிறது. பாகை ஒன்றுக்கு நான்கு நிமிஷம் என்ற கணக்குப்படி, அங்கே உச்சிப்பொழுது கடிகாரத்தின் 12 மணிக்குச் சுமார் 40 நிமிஷம் முன்னதாகவே வந்துவிடுகிறது: நவம்பர் தொடக்கத்தில் 11 மணி அடித்த சில நிமிஷங்களிலும், பிப்ரவரி நடுவில் பதினொன்றரையைச் சற்றுத் தாண்டியும், மற்றக் காலங்களில் இவ்விரண்டுக்கும் இடையிலும் வருகிறது. ஜூன் மாதத்தில் காலை 5 மணிக்கு முன்னமே சூரியோதயம். நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் மாலை 5 மணி ஆவதற்குள் அஸ்தமனம். அதே நாளில் சென்னைவாசி கடற்கரை மணலில் இன்னும் முக்கால் மணி நேரம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

வானசாஸ்திரத்தைச் சேர்ந்த இந்தச் சிறு விஷயம், வீட்டுக் கூரைமேல் சோலார் பலகைகளை ஏற்றி வைத்த தீவுவாசிக்கு அன்றாட ஜீவனத்தின் விஷயமாகிவிடுகிறது. இன்வர்ட்டர் தன் திரையிலோ, வீட்டுக்காரரின் கைபேசியிலோ வரைந்து காட்டும் உற்பத்திக் கோடு, டிசம்பர் மாதத்துத் தெளிந்த நாள் ஒன்றில், காலை 6 மணிக்கு மேல் மெல்ல எழுந்து, பதினொன்றேகாலை ஒட்டி உச்சியை அடைந்து, பிற்பகல் 3 மணிக்குள் வெகுவாகச் சரிந்து, நாலரைக்கெல்லாம் பூஜ்யத்தை நெருங்கிவிடுகிறது. உபயோகக் கோடோ, மனிதர்கள் மெயின்லேண்டின் கடிகாரப்படி ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்த் திரும்புகிறவர்களாகையால், பகல் முழுவதும் தாழ்ந்து கிடந்து, இருட்டின பிறகே தலைதூக்கி, விளக்கும் மின்விசிறியும் தொலைக்காட்சியும் குளிர்சாதனமும் ஓயும் வரையில் உயர்ந்தே நிற்கிறது. இவ்விரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படிக்கக் கற்றுக்கொள்வதே சோலார் வைத்திருக்கும் குடும்பத்தின் முதற்கல்வி என்பது என் அபிப்பிராயம். அவற்றைத் தனித்தனியே பார்ப்பதனாலும், அதைவிட அதிகமாக, மாதக் கடைசியில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துத் திருப்தி அடைந்துவிடுவதனாலும், மிகுந்த மயக்கம் விளைகிறது.

தீவின் மின்சாரம் எத்தகையது என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். மெயின்லேண்டில் ஒரு வீட்டுக்கு வெயில் குறைந்தால், முப்பந்தலின் காற்றோ, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியோ, இன்னும் தூரத்திலுள்ள ஏதோ ஓர் அணைக்கட்டோ அந்தக் குறையை நிரப்பிவிடும். ஏனெனில், தேசம் முழுவதும் ஒரே மின்வலையாகப் பின்னப்பட்டிருக்கிறது. அந்தமான் நிகோபார் தீவுகளுக்கு அந்த வலையோடு சம்பந்தம் இல்லை. சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் தூரம் செல்லும் கம்பியொன்று 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது உண்மையே. ஆனால் அது செய்தியைச் சுமக்கும் கண்ணாடி இழையேயன்றி மின்சாரத்தைச் சுமப்பதன்று. ஆகவே தீவுகள் தத்தம் பவர்ஹவுஸை நம்பியே ஜீவிக்கின்றன. வடக்கு அந்தமானில் திக்லிபூருக்கு அருகே கால்போங் நதியின்மேல் 2001இல் இயங்கத் தொடங்கிய 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்றைத் தவிர்த்தால், இரவு நேரத்தின் பாரத்தைத் தாங்குவது ஏறக்குறைய முழுவதும் டீசல் யந்திரங்களே. அந்த டீசலோ கப்பலேறி வரவேண்டும். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970களில் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட கச்சால் போன்ற தூரத்துத் தீவுக்கு, அது பெருங்கப்பலிலிருந்து மறுபடியும் ஒரு யாத்திரை செய்தாக வேண்டும். ஒரு லிட்டர் டீசலை எரித்தால் சுமார் மூன்றரை யூனிட் கிடைக்கும். அந்த யூனிட்டுக்கு அரசாங்கம் செலவிடும் தொகை, வீட்டுக்காரர் கட்டும் கட்டணத்தைப் போலப் பல மடங்கு.

இந்த நிலைமையை மாற்றவே பெரிய அளவில் சூரிய மின்நிலையங்கள் தெற்கு அந்தமானில் எழுந்தன. கராச்சர்மாவில் என்.டி.பி.சி. நிறுவனம் 5 மெகாவாட் நிலையம் அமைத்தது. தமிழர்களுக்கு மிகவும் பரிச்சயமான நெய்வேலி நிறுவனம், 1956இல் பழுப்பு நிலக்கரி வெட்டி எடுப்பதற்கென்று தோன்றிய அதே ஸ்தாபனம், அட்டம் பஹாட், டாலிகஞ்ச் ஆகிய இடங்களில் 20 மெகாவாட் நிலையத்தை, 8 மெகாவாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரிகளோடு நிறுவியது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். நிலையம் முழுத் திறனில் ஓடினால் அந்தப் பேட்டரி 24 நிமிஷத்தில் நிரம்பிவிடும். அப்படியானால் அது இரவைக் கடப்பதற்காக வைக்கப்பட்டதன்று. ஓடும் மேகத்தின் நிழல் பலகைகளின்மேல் விழுந்து விலகும் அந்தச் சில நிமிஷங்களில், சிறிய தீவின் மின்வலை தடுமாறி விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பதற்காக வைக்கப்பட்டது. ஆயிரம் நிலையங்கள் சேர்ந்த மெயின்லேண்டு வலைக்கு ஒரு மேகம் பொருட்டே அல்ல. சில யந்திரங்களே ஓடும் தீவில், 20 மெகாவாட் மறைவதும் தோன்றுவதும் பவர்ஹவுஸ் ஊழியர்களுக்குப் பெரும் சோதனை.

இனி வீட்டுக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதம மந்திரி சூர்ய கர் திட்டம், 3 கிலோவாட் அமைப்புக்கு மெயின்லேண்டில் 78,000 ரூபாயும் தீவுகளுக்கு அதற்குச் சற்று அதிகமாகவும் மானியம் வழங்குகிறது. பலகையை ஏற்றிய நாளிலிருந்து வீட்டுக்காரரின் முன்னே இரண்டு சாதனங்கள் இரண்டு விதமான எண்களைச் சொல்லத் தொடங்குகின்றன. சுவரில் இருக்கும் இன்வர்ட்டர் சொல்வது உற்பத்தி. வாசலில் மின்சார இலாகா மாட்டிய நெட் மீட்டர் சொல்வது, வலையிலிருந்து வீட்டுக்குள் வந்த யூனிட் எவ்வளவு, வீட்டிலிருந்து வலைக்குப் போன யூனிட் எவ்வளவு என்ற இரண்டு கணக்கு. வீட்டின் மொத்த உபயோகம் என்ற எண்ணை இவ்விரண்டில் எதுவும் தானாகச் சொல்வதில்லை. அதை நாமே கண்டுபிடிக்க வேண்டும்: உற்பத்தியிலிருந்து வெளியே போனதைக் கழித்து, உள்ளே வந்ததைக் கூட்டினால் கிடைப்பதே வீடு தின்ற மின்சாரம்.

உதாரணமாக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். 3 கிலோவாட் பலகை, மழையில்லாத நாள் ஒன்றில் 12 யூனிட் உற்பத்தி செய்கிறது. பகலில் குளிர்ப்பெட்டியும் மின்விசிறியும் துவைக்கும் யந்திரமுமாக 4 யூனிட் அங்கேயே செலவாகிறது. மிஞ்சிய 8 யூனிட் வலைக்குப் போகிறது. பொழுது சாய்ந்தது முதல் மறுநாள் விடியும் வரை 7 யூனிட் வலையிலிருந்து வருகிறது. இப்போது இன்வர்ட்டரில் 12 என்றும் மீட்டரில் 8 என்றும் கண்ட வீட்டுக்காரர், நடுவே 4 யூனிட்டை யாரோ அபகரித்துவிட்டதாகக் கலங்குகிறார். அந்த நாலும் எங்கும் போகவில்லை. மீட்டரைத் தொடாமல், கூரையிலிருந்து நேரே அவருடைய வீட்டுக் கருவிகளுக்குள் போய்விட்டன. மீட்டருக்குத் தெரிந்தது வாசற்படியைக் கடந்தது மட்டுமே. வீட்டுத் தோட்டத்தில் காய்த்த கத்தரிக்காயைக் குழம்பில் போட்டவள் அதைச் சந்தைக் கணக்கில் எழுதாதது போலத்தான் இது. அந்த எழுதப்படாத நாலே நாளின் மிக மேலான நாலு என்று நான் கருதுகிறேன்; பேட்டரியின் நஷ்டமோ, கம்பியின் நஷ்டமோ, டீசலின் புகையோ எதுவும் தீண்டாதவை அவை மட்டுமே.

வேறொரு மயக்கமும் உண்டு. இன்வர்ட்டரின் திரை சில வேளை இரண்டு சதவீதங்களைக் காட்டும். உற்பத்தியில் எவ்வளவு பங்கு வீட்டிலேயே செலவாயிற்று என்பது ஒன்று. மேலே சொன்ன நாளில் பன்னிரண்டில் நாலு. உபயோகத்தில் எவ்வளவு பங்கைச் சூரியன் கொடுத்தது என்பது மற்றொன்று, பதினொன்றில் நாலு. இவை வேறு வேறு கேள்விகளுக்கு விடைகள். கூரை நிறையப் பலகையை நிரப்பினால் முதல் எண் குறையும். ஒன்றிரண்டு பலகை மட்டும் வைத்தால் முதல் எண் நூறாகவே இருக்க, இரண்டாவது எண் அற்பமாக இருக்கும். இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துத் தன் வீட்டைச் சிலாகித்துக்கொள்வதோ நொந்துகொள்வதோ நியாயமாகாது.

சாதனங்களே தவறாகச் சொல்லும் சமயங்களும் உண்டு. உபயோகத்தை அளப்பதற்காக மெயின் கம்பியைச் சுற்றி மாட்டப்படும் கவ்வி திசை மாறி மாட்டப்பட்டிருந்தால், வெளியே போவது உள்ளே வருவதாகப் பதிவாகி, சூரியன் உச்சியில் நிற்கும் வேளையில் வீடு வெறிகொண்டு மின்சாரம் தின்பதாகத் திரை காட்டும்; உற்பத்தியும் உபயோகமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குமானால், முதலில் அந்தக் கவ்வியைச் சந்தேகிக்க வேண்டும். இரு திசையும் எண்ணும் மீட்டர் வருவதற்கு முன் பலகையை ஓடவிட்டால், பழைய எலெக்ட்ரானிக் மீட்டர்களில் பல, வெளியே போகும் யூனிட்டையும் உபயோகமாகவே எண்ணிப் பில்லை ஏற்றிவிடும். இன்வர்ட்டரின் எண்ணுக்கும் மீட்டரின் எண்ணுக்கும் நூற்றுக்கு இரண்டு மூன்று வித்தியாசம் இருப்பது குற்றமன்று. பணத்துக்கு ஆதாரமாக இருக்கவேண்டிய துல்லியம் இன்வர்ட்டருக்குள் இருக்கும் அளவைக்குக் கிடையாது.

பலகையின்மேல் எழுதப்பட்ட கிலோவாட், ஆய்வுக்கூடத்தில் 25 டிகிரி உஷ்ணத்தில் வைத்து அளந்தது. அந்தமான் கூரையின் தகரச் சூட்டில் பலகையின் உஷ்ணம் 60 டிகிரியை எட்டும்போது, டிகிரி ஒன்றுக்குச் சதவீதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திறன் குறையும். உப்புக் காற்று படியும். தென்னை ஓலையின் நிழல் ஒரு மூலையில் விழும். 3 கிலோவாட் வாங்கியவர் திரையில் 3 என்ற எண்ணைக் காண்பது அரிது. அதற்காகப் பலகையை நிந்திக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம்விட ஆழ்ந்து யோசிக்க வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. உற்பத்தி என்று திரை காட்டும் எண், சூரியன் கொடுத்ததன் அளவு அன்று. சூரியன் கொடுத்ததில் நாம் வாங்கிக்கொள்ள முடிந்ததன் அளவு. வலையோடு தொடர்பில்லாமல் பேட்டரியை மட்டும் நம்பி இயங்கும் வீட்டில், முற்பகல் 10 மணிக்குப் பேட்டரி நிரம்பிவிட்டால், அதன்பின் எத்தனை உக்கிரமாக வெயில் அடித்தாலும் உற்பத்திக் கோடு உபயோகக் கோட்டின்மேல் வந்து படிந்து, வீடு கேட்டதை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும். பம்பு போட்டால் உற்பத்தி எழும், நிறுத்தினால் விழும். வலையோடு இணைந்த வீட்டிலும் இதற்கு நிகரான ஒன்று நேர்கிறது. பவர்ஹவுஸில் ஏதோ கோளாறு நேர்ந்து தெருவில் மின்சாரம் நின்றால், சாதாரண இன்வர்ட்டர், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரைக் காக்கும் பொருட்டு, உடனே தானும் நின்றுவிடும். பட்டப்பகலில், நிர்மலமான ஆகாயத்தின் கீழ், உற்பத்தி பூஜ்யமாகும். அந்தப் பள்ளத்தைத் திரையில் கண்டு பலகை பழுதென்று எண்ணுகிறவர்கள், சூரியனுக்கும் தங்களுக்கும் நடுவே தீவு முழுவதும் இருப்பதை மறந்தவர்கள். வரவைச் செலவு நிர்ணயிக்கும் இந்த விசித்திரத்தை உணர்ந்தபின், உற்பத்தி வேறு, உபயோகம் வேறு என்று பிரித்து எண்ணும் பழக்கம் தானே தளர்ந்துவிடுகிறது.

இப்போது மாதக் கடைசியின் பூஜ்ய பில்லைப் பற்றிப் பேசலாம். மேலே சொன்ன வீட்டில் 8 யூனிட் போய் 7 யூனிட் வந்தது. கழித்தால் வீடு ஒரு யூனிட் மிச்சம் வைத்திருக்கிறது. பில்லில் மின்சாரத்துக்கென்று கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அதனால் அந்தக் குடும்பம் சூரியனாலேயே வாழ்கிறது என்று சொல்லலாமா? பகலில் அது கொடுத்த 8 யூனிட் அக்கம்பக்கத்தாரின் உபயோகத்துக்குச் சென்று, அந்த அளவுக்கு டீசலை மிச்சப்படுத்தியது. அந்தப் புண்ணியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் இரவில் அது வாங்கிய 7 யூனிட்டுக்காகச் சாத்தத்திலோ ஃபீனிக்ஸ் பேயிலோ உள்ள பவர்ஹவுஸில் ஒரு யந்திரம் இரண்டு லிட்டர் டீசலை எரித்திருக்கிறது. பில்லின் கணக்கில் ஒரு யூனிட் மற்றொரு யூனிட்டுக்குச் சமானம். தீவின் கணக்கில் முற்பகல் யூனிட்டும் முன்னிரவு யூனிட்டும் சமானம் அல்ல. கூரைதோறும் பலகை ஏறினாலும், முன்னிரவின் உச்ச பாரத்தைத் தாங்குவதற்கு அத்தனை டீசல் யந்திரங்களும் நின்றே ஆகவேண்டும். அதுமட்டுமன்றி, டீசல் யந்திரத்தை அதன் திறனில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே வெகுநேரம் ஓட்டுவதும் ஆகாது. எண்ணெய் சரியாக எரியாமல் கரி படிந்து யந்திரம் கெடும். ஆகையால் பகல் வெயில் எவ்வளவு பெருகினாலும், யந்திரங்களை அவற்றின் எல்லைக்குக் கீழே தள்ள முடியாது. தீவில் சூரிய மின்சாரத்துக்கு எல்லை வகுப்பது கூரையின் பரப்பன்று, பொழுதின் பங்கீடே.

பருவத்தின் பங்கீடும் அப்படியே. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலுமாக, ஆண்டில் இருமுறை போர்ட் பிளேயரின் உச்சந்தலைக்கு நேர் மேலே சூரியன் வந்து நிற்கிறது. நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு அன்று உச்சிப்பொழுதில் நிழல் கிடையாது. வானசாஸ்திரப்படி இரண்டும் சமமான நாட்கள். திரையின்படி அப்படியல்ல. ஏப்ரலில் உற்பத்திக் கோடு வழவழப்பான வில்லாக இருக்கும். மே மூன்றாம் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை தேசத்திலேயே முதன்முதலாக இந்தத் தீவுகளைத் தொட்டுவிடுவதால், ஆகஸ்டில் அதே கோடு ரம்பத்தின் பற்களாகச் சிதறிக் கிடக்கும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊர் இது. வடகிழக்குப் பருவமும் சேர்ந்து டிசம்பர் வரையில் வானம் முழுதாகத் திறப்பதில்லை. ஆகஸ்டு மாதத்து எண்ணை ஏப்ரல் மாதத்து எண்ணோடு ஒப்பிட்டு விசாரப்படுகிறவர்கள், சென்ற ஆண்டின் ஆகஸ்டோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அதுவே தகுந்த அளவுகோல்.

செய்யத் தக்கது என்ன? பேட்டரி ஒரு வழி. பகலில் மிஞ்சியதை மாலைக்கு நகர்த்தும். அதில் போட்டதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு திரும்பி வராது என்பதையும், அது வந்தபின் கணக்கில் ஏற்றியது, இறக்கியது என இன்னும் இரண்டு எண்கள் சேரும் என்பதையும் அறிந்து வாங்க வேண்டும். செலவில்லாத வழி, வேலையை வெயிலுக்கு நகர்த்துவது. கோடையில் போர்ட் பிளேயரில் குழாய்த் தண்ணீர் விடும் வேளையை நாம் நிச்சயிக்க முடியாது. ஆனால் கீழ்த்தொட்டியில் பிடித்த தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் வேளை நம்முடையது. துணி துவைப்பதும், மாவு அரைப்பதும், இஸ்திரி போடுவதும், வெந்நீர் வைப்பதும் காலை 9 மணிக்கும் பிற்பகல் 1 மணிக்கும் நடுவே அமையக்கூடியவை. மெயின்லேண்டில் எழுதப்பட்ட யோசனைகள் 10 மணி முதல் 3 மணி வரை என்று சொல்லும். தீவுவாசி அதில் முக்கால் மணி நேரத்தை முன்னுக்குத் தள்ளிக்கொள்ள வேண்டும். இரவில் குறைப்பதும் உற்பத்தியே. 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் மின்விசிறியைப் படுக்கையறையில் மாட்டினால், பத்து மணி நேரத்தில் ஏறக்குறைய அரை யூனிட் டீசல் மின்சாரம் எரியாமல் போகிறது. எந்தப் பலகையாலும் இரவில் அந்த அரை யூனிட்டைத் தரமுடியாது.

மின்சார இலாகாவிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. இன்றைய மீட்டர்களில் பல, எந்த நேரத்தில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதையும் தம் நினைவில் பதிந்து வைக்கின்றன. சோலார் வைத்துள்ள வீடுகளின் பில்லில், வந்தது இத்தனை, போனது இத்தனை என்பதோடு நில்லாமல், வந்ததில் வெயில் வேளையில் எவ்வளவு, இருட்டிய பிறகு எவ்வளவு என்று இரண்டு வரிகளாக அச்சிட்டுத் தரவேண்டும். அந்த இரண்டாவது வரியில் உள்ள எண்ணே அந்த வீட்டுக்காகக் கப்பலில் வந்த டீசலின் அளவைச் சொல்வது. அந்த வரி அச்சாகும் காலம் வரும் வரையில், வாசகர்கள் மாலை 5 மணிக்கு ஒரு முறையும் காலை 6 மணிக்கு ஒரு முறையும் மீட்டரைப் பார்த்துத் தாங்களே குறித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் குறித்தாலே போதும்.